அனுசாரகா

அனுசாரகா என்பது ஓர் இந்திய மொழியில் எழுதியதை, அந்த மொழி தெரியாத இன்னொரு இந்திய மொழிக்காரர் படித்துப் புரிந்துகொள்ள உதவும் கணினி மென்பொருள். பின்தொடர்வது என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்த பெயர் இது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980களில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் தொடங்கிய ஆய்வில் முளைத்து, ஹைதராபாத்தில் வளர்ந்தது. இந்தக் குழுவினர் தங்கள் ஆய்வுகளை ‘அக்ஷர் பாரதி’ என்ற கூட்டுப் பெயரில் வெளியிட்டார்கள்.

கணினி மொழிபெயர்ப்பு அப்போது ஒருமுறை சரிந்து எழுந்திருந்தது. 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் கைகூடும் என்று நம்பினார்கள். 1966இல் வந்த அமெரிக்க ஆய்வறிக்கையோடு அங்கே பணவரவு வற்றிப்போனது. தமிழகத்திலும் 1980களில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் முயற்சியில் இறங்கியது.

கான்பூர்க் குழு இலக்கணத்துக்குப் பாணினியிடம் போனது. அது பழம்பெருமைக்காக எடுத்த முடிவல்ல. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே அதன் வேலையைச் சொல்கிறது. ‘ராமன் பழத்தைச் சாப்பிட்டான்’ என்பதைப் ‘பழத்தை ராமன் சாப்பிட்டான்’ என்று மாற்றிப் போட்டாலும் தமிழில் பொருள் மாறாது. அதை ‘ஐ’ உருபு காக்கிறது. உருபிலிருந்து வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கப் பாணினியின் காரகக் கொள்கை கணினிக்கு நேரடியாகவே பயன்பட்டது. 1995இல் வெளியான இவர்களுடைய நூல் இதை விரிவாக விளக்குகிறது.

இதைவிடத் துணிச்சலான முடிவு இன்னொன்று. அகராதியும் இலக்கணமும் கணினியின் பொறுப்பு. உலக அறிவு தேவைப்படும் இடம் வாசகரின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்தார்கள். நடை கரடுமுரடாக இருக்கலாம், ஆனால் மூலத்தில் இல்லாததைக் கணினி சொல்லிவிடக் கூடாது.

பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். ராமன் சாப்பிட்ட பழம், ராமன் சாப்பிட்ட கரண்டி, ராமன் சாப்பிட்ட ஓட்டல். மூன்றிலும் ‘சாப்பிட்ட’ ஒன்றுதான். பழம் உண்ணப்பட்டது, கரண்டி கருவி, ஓட்டல் இடம் என்பது நமக்கு உலகம் தெரிவதால் தெரிகிறது. தெலுங்கும் இப்படித்தான். இந்தியிலோ ஜோ, ஜிஸ்ஸே, ஜிஸ்மே என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். தெலுங்கிலிருந்து இந்திக்கு மாற்றும்போது அனுசாரகா ஊகிக்காது, ‘ஜோ’ என்று போட்டு அருகில் ஒரு நட்சத்திரக் குறி இடும். வாசகர் சிறிது பழகிக்கொண்டால் போதும், உறவைத் தாமே பிடித்துக்கொள்வார். தெரியாததைத் தெரியாது என்று காட்டிய இந்த நேர்மைதான் அனுசாரகாவின் தனிச்சிறப்பு என்பேன்.

இந்தியில் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய் ஏற்கும் ‘நே’ உருபையும் அது சேர்ப்பதில்லை. தெலுங்கில் அப்படி ஒன்று கிடையாது. டெல்லிக்காரருக்கு உறுத்தலாம். ஆனால் ஹைதராபாத்தில் காதில் விழும் தக்கனி உருதுவிலும் இந்த ‘நே’ பெரும்பாலும் வராது. தெலுங்கோடு நூற்றாண்டுகள் பழகிய மக்கள் பேச்சு போன வழியிலேயே கணினியும் போயிருக்கிறது.

1990களில் பணி ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு 1998இல் தொடங்கிய ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.க்கும் நகர்ந்தது. தெலுங்கு, கன்னடம், மராத்தி, வங்காளி, பஞ்சாபி ஆகிய ஐந்திலிருந்தும் இந்திக்கு அனுசாரகா உருவானது. மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். சங்கல் ஐ.ஐ.ஐ.டி.யின் இயக்குநரானார். பின்னர் அம்பா குல்கர்னி உள்ளிட்டோருடன் சைதன்யா ஆங்கிலம்–இந்தி அனுசாரகாவை வளர்த்தார். கணினி எந்தப் படியில் என்ன முடிவெடுத்தது என்பதை வாசகர் அதில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம்.

தமிழ்–இந்தி அனுசாரகா வேலை சென்னை குரோம்பேட்டையில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தில் நடந்தது. அடுத்து ஐ.ஐ.ஐ.டி. தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘சம்பர்க்’ அமைப்பில் தமிழ் இந்தியோடும் தெலுங்கோடும் மலையாளத்தோடும் இணைந்தது.