அலமேலு என்பது எழுத்துப்பிழையா?

நம் வீடுகளில் ஒரு கட்சி உண்டு. பொங்கலுக்கு "வாழ்த்துக்கள்" என்று எழுதி அனுப்பினால், வாழ்த்தை விட்டுவிட்டு "அந்த க் எதற்கு?" என்று கேட்கும் கட்சி. கோவிலா கோயிலா என்று ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஆறவைக்கும் கட்சி. நானும் அதில் சந்தா கட்டிய உறுப்பினர்தான். பெயரில் ஒரு எழுத்து மாறினால் படிவத்தைத் திருப்பி அனுப்புகிற வங்கி உத்தியோகம் பார்ப்பவன் வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்?

ஆனால் பிழை என்று எதைச் சொல்வது? இந்தக் கேள்விக்கு நான் படித்த வரையில் நல்ல பதில் வைத்திருக்கும் இடம் ஒரு மலை. திருமலை. (ஈழத்து நண்பர்கள் மன்னிக்கவும், இது திருகோணமலை இல்லை. ஏழுமலையான் இருக்கும் திருமலை.)

தமிழ் இலக்கணத்துக்கும் இந்த மலைக்கும் ஆதியிலிருந்தே தொடர்பு இருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம், தமிழ் பேசும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வேங்கடத்தையும் தெற்கெல்லையாகக் குமரியையும் சொல்கிறது. நம் கையில் இருக்கிற மிகப் பழைய இலக்கண நூலுக்கு எல்லைக்கல் இந்த மலைதான். அந்த எல்லைக்கல்லின் மேலேயே ஆயிரத்துக்கும் அதிகமான கல்வெட்டுகள் இருக்கின்றன. மலைமேல் கோயில், கீழ்த்திருப்பதி கோவிந்தராஜர் கோயில், திருச்சானூர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் உண்டு. மிகப் பெரும்பாலானவை தமிழ். விஜயநகர அரசர்கள் காலத்திலும் கோயில் கணக்கு தமிழில்தான் நடந்தது.

கல்வெட்டு என்றதும் போர், வெற்றி, பட்டம் என்று நினைப்போம். திருமலையில் படித்தால் பேரேட்டைப் புரட்டுவது போல இருக்கும். ஒருவர் கோயில் பண்டாரத்தில் இத்தனை பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் கோயில் கிராமத்து ஏரியையோ கால்வாயையோ வெட்டித் திருத்துகிறார்கள். கூடுதலாக விளைவதிலிருந்து இன்ன நாளில் இத்தனை நாழி அரிசியில் தளிகை, இத்தனை அப்பம், இத்தனை அதிரசம். படைத்த பிரசாதத்தில் கட்டளை வைத்தவருக்குக் கால் பங்கு. அந்தப் பங்குக்குப் பெயர் "விட்டவன் விழுக்காடு". இன்று நாம் வட்டிக்கும் தேர்தல் முடிவுக்கும் சொல்கிற அதே விழுக்காடுதான்! பங்கு என்ற பொருளில் இருந்த சொல், நம் காலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று ஆகிவிட்டது.

பல கல்வெட்டுகளின் கடைசியில், இது கோயில் கணக்கு திருநின்றஊருடையான் எழுத்து என்று ஒப்பம் இருக்கும். பிறகு, ஸ்ரீவைஷ்ணவர்கள் இதைக் காக்கட்டும் என்று முடியும். நம் கட்சிக்காரர் பார்த்தால் இங்கேயே சிவப்பு மையை எடுத்துவிடுவார். "திருநின்ற", "ஊர்" இரண்டுக்கும் நடுவில் உடம்படுமெய் எங்கே? திருநின்றவூர் என்றல்லவா இருக்கவேண்டும்? அடுத்து, கோ என்பதோடு இல் சேர்ந்தால் நன்னூல் விதிப்படி வகரம் வந்து கோவில் ஆகணும். இவர் கோயில் என்கிறாரே? இப்படிப் பார்த்தால் ஆழ்வார்கள் காலத்திலிருந்தே எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றவேண்டியதுதான் :-) கோயில் என்பது பழைய வழக்கு. வழக்கு முந்தியது, விதி அதைப் பார்த்துப் பிந்தி எழுதியது. அதனால்தான் இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் பெரிய "பிழை" ஒன்று இருக்கிறது. கல்லிலும் ஓலையிலும் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளியை விட்டுவிட்டால் எ, ஏ இரண்டும் ஒரே வடிவம். திருவேங்கடமுடையான் என்ற சாமி பெயரையே திருவெங்கடமுடையான் என்றும் படிக்கலாம். சொல் தெரிந்தவருக்குத்தான் எது நெடில் என்று தெரியும். நாம் இன்று இரண்டையும் பிரித்து எழுதுகிற முறையை வீரமாமுனிவர் (1680-1747) கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்குப் பிறகும் எழுத்து நிற்கவில்லை. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளில் சிலவற்றைத் தமிழக அரசு 1978ல் ஏற்றது. உங்கள் அம்மா அப்பா கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். துதிக்கை வைத்த ணை, லை, னை எல்லாம் இருக்கும். அது பிழை இல்லையே, அன்றைய எழுத்து.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். நம் வீடுகளில் தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு மென்பொருள் பையன் என்று யாராவது ஒரு வெங்கடேசன் இருப்பார். சங்க நூல்களில் மலைக்குப் பெயர் வேங்கடம், நெடில். பேச்சில் வெங்கடம், வெங்கட், வெங்கடேசன் என்று குறுகியது. தெலுங்கிலும் இதே கதைதான். கோயில் பெயரில் நெடில், வீட்டுப் பெயரில் குறில். அதற்காக வெங்கடேசன் மாமாவைக் கூப்பிட்டு "உங்கள் பெயர் தவறு" என்று சொல்லமுடியுமா? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே சரி என்பது என் தொழில் தர்மம்.

தாயார் பெயர் இதைவிட அழகு. தாமரைப் பூவின் மேல் இருப்பவள் அலர்மேல் மங்கை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் அப்படித்தான் சொல்கிறார். பேச்சில் ரகரம் விழுந்தது, கடைசியில் உகரம் ஒட்டியது, அலமேலு ஆனாள். எழுத்துப்பிழை என்றால் எத்தனை பாட்டிகளை அடித்துத் திருத்துவது? அவள் ஊரான திருச்சானூர் பழைய கல்வெட்டில் திருச்சோகினூர். 2022 வரை மாவட்டத் தலைநகராக இருந்த சித்தூரும் சிற்றூர் என்பதன் பேச்சு வடிவம் என்பார்கள். காற்று காத்து ஆவது போல.

பிழை பார்ப்பது வீண்வேலை என்று சொல்ல இதை எழுதவில்லை. திருப்பதி என்பதில் உள்ள ப் ஐப் பாருங்கள். தெலுங்கில் அந்த ஒற்று இல்லாமல்தான் எழுதுகிறார்கள். திரு என்ற சொல்லுக்குப் பின் வல்லினம் மிகும் தமிழ் விதி அந்த ஒரு புள்ளியில் நிற்கிறது. பதி என்றால் தமிழில் ஊர், வடமொழியில் தலைவன். ஒற்று இருப்பதால் அது தமிழ்ச் சேர்க்கை என்று தெரிகிறது. உற்சவர் பெயரையும் பாருங்கள். மலைகுனிய நின்ற பெருமாள் என்றும் மலைக்கினிய நின்ற பெருமாள் என்றும் இரண்டு விதமாகப் புத்தகங்களில் பார்க்கலாம். முதலாவதில் மலை குனிகிறது. இரண்டாவதில் மலைக்கு அவர் இனியவர். ஒரு க், ஒரு உகரம், ஒரு இகரம், அவ்வளவுதான் வித்தியாசம். கதையே மாறிவிடுகிறது. அளவிலும் அப்படித்தான். ஒரு நாழிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. உழக்கை ஆழாக்கு என்று படித்தால் சாமிக்குப் போகும் நெய் பாதியாகும்.

அப்படியானால் எப்படிப் பிழை பார்ப்பது? இதற்கு வழிகாட்டியவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி, தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆய்வாளர். ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வாகத்தில் கோயில் இருந்த காலத்திலேயே வேலையைத் தொடங்கினார். மகந்துகள் நிர்வாகம் 1933ல் முடிந்தது. மைப்படி எடுப்பது பொறுமையான வேலை. கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துக்குள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றவேண்டும். அப்படி எடுத்துப் படித்த கல்வெட்டுகள் 1931 முதல் சில ஆண்டுகளுக்குள் ஆறு தொகுதிகளாக அச்சில் வந்தன. கல்வெட்டுப் பதிப்பில் ஒரு ஒழுக்கம் உண்டு. கல்லில் இருப்பதை இருப்பபடியே அச்சிடவேண்டும். சரியான வடிவம் இது என்று தோன்றினால் அடிக்குறிப்பில் சொல்லலாம். திருத்துகிறேன் என்று மூலத்தில் கை வைக்கக்கூடாது. அந்தக் காலப் பேச்சு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் "பிழை"தானே சாட்சி?

கல்லையே இழக்கும் ஆபத்தும் வந்தது. கருவறைச் சுற்றுச் சுவர்களைத் தங்கத் தகடால் மூடும் திட்டம் 2008ல் அறிவிக்கப்பட்டது. கல்வெட்டுகள் மறைந்துவிடும், சேதமாகும் என்று எதிர்ப்பு எழுந்தது. வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றம் போய், திட்டம் நின்றது. சுவரே தகட்டுக்குப் பின்னால் போயிருந்தால் ஒற்று மிகுமா மிகாதா என்று பேச நமக்கு என்ன இருந்திருக்கும்?

நம் பிள்ளைகள் தமிழும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. எட்டு வயசுப் பெண் பாட்டிக்கு "நாங்க கோயிலுக்கு போனோம், நல்லா இருந்திச்சி" என்று நாலு வரி எழுதினால், "கோயிலுக்குப் போனோம், ப் எங்கே?" என்று முதலில் கேட்காதீர்கள். அடுத்த கடிதம் ஆங்கிலத்தில் வரும், அல்லது வராது. சாஸ்திரியார் வழியில், மூலத்தை அப்படியே பாட்டிக்கு அனுப்புங்கள். ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, திருப்பதிக்கு ஏன் ப் வந்தது, அலமேலுவில் ர் எங்கே போனது என்று கதையாகச் சொல்லுங்கள். விதி தானாக வரும்.

அடுத்த லீவில் திருமலைக்குப் போனால், வரிசை நகராமல் நிற்கும் நேரத்தில் சுவரைப் பாருங்கள். க, ட, ப, ம என்று சில எழுத்துகள் பிள்ளைகளுக்கே பிடிபடும். மீதியை அவர்கள் கேட்பார்கள்.