துறைமுகத்தின் வரலாறும் ஓங்கில்களின் செவியும்

பள்ளிவாசலில் நின்றால் கடல் தெரியாது. ஆயினும் இம்மலையின் நீரும் தேயிலையும் கடலைச் சந்திக்கும் இடம் கொச்சிதான். முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. பெரியாற்றின் ஒரு கிளை கொச்சிக் காயலை அடைகிறது. மலைத் தேயிலை 1947 முதல் கொச்சி ஏலத்தில் விலைபோகிறது. அந்தக் கழிமுகத்தில் கூன்முதுகு ஓங்கில்கள் வாழ்கின்றன. மலையாள மீனவர்கள் ஓங்கிலைக் 'கடல்பன்னி' என்பர். வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே படகில் செல்வோர் இவற்றின் முதுகைக் கண்டிருப்பர்.

முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தவரை பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகள் படகுகளில் போய்வந்தன. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி ஆழமான கால்வாய் அமைத்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. தோண்டிய மண் வில்லிங்டன் தீவாயிற்று. 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. இவ்வரலாற்றை ஆழத்தாலும் சரக்கின் எடையாலும் எழுதிவருகிறோம். நீருக்கடியில் இதற்கு ஓசையின் வரலாறு ஒன்றும் உண்டு.

கலங்கிய காயலில் ஓங்கிலுக்குக் கண்ணைவிடச் செவியே வழிகாட்டி. அது எழுப்பும் ஒலித்துடிப்புகள் மீனில் பட்டுத் திரும்புகின்றன. அந்த எதிரொலியைக் கொண்டே இரையை அறிகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். கப்பலின் சுழலி வேகமாகச் சுழலும்போது குமிழிகள் தோன்றி உடைகின்றன. அவ்விரைச்சல் ஓங்கிலின் ஒலிகளை மூழ்கடிக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்துக் கடற்பகுதியில் குப்பிமூக்கு ஓங்கில்களை ஆய்ந்தோர், இரைச்சல் மிகும்போது அவற்றின் சீழ்க்கை எளிமையாகிவிடுவதை 2018இல் பதிவுசெய்தனர். மொழியியல் பயின்ற எனக்கு, கூச்சலில் சொற்களைச் சுருக்கிக்கொள்ளும் ஓர் உயிரினமாக அது தோன்றியது. சுருங்கும் சீழ்க்கையில் எத்தகைய செய்திகள் உதிர்கின்றனவோ!

விலகிப் போகலாமே எனலாம். கூன்முதுகு ஓங்கில் கரையோர ஆழமற்ற நீரில் வாழ்வது. ஆழ்கடல் அதன் வீடன்று. இந்தியப் பெருங்கடலில் வாழும் இவ்வினம் உலக அளவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

ஆயினும் இத்தீங்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு: பொறி தணிந்தால் ஓசையும் தணியும், எண்ணெயைப்போல் ஆண்டுக்கணக்கில் தங்காது. 2020இல் பெருந்தொற்றால் ஹாங்காங்–மக்காவ் விரைவுப் படகுகள் நின்றபோது, அவ்வழித்தடத்துக்கு ஓங்கில்கள் மீண்டுவந்தன. 2017இல் வான்கூவர் துறைமுகம், கொலைத்திமிங்கிலங்களின் நலனுக்காகக் கப்பல்களைத் தாமே வேகத்தைக் குறைக்கும்படி வேண்டிக்கொண்டது, இரைச்சல் குறைந்தது.

கொச்சிக்கும் அதே வழி திறந்திருக்கிறது: கால்வாயில் வேகக் கட்டுப்பாடு, சுழலிகளைப் பழுதின்றிப் பேணுதல், நீரடி ஓசையைத் தொடர்ந்து அளத்தல். ஒரு நூற்றாண்டாக அந்நீரின் ஆழத்தை அளந்தோம். இனி அதன் அமைதியையும் அளப்போம்.