திகில் வாசகர்கள் இரண்டு கட்சியான கதை

திகில் கதை பிடிக்கும் என்று சொல்லும் இரண்டு பேரைப் பேசவிட்டால் கொஞ்ச நேரத்தில் வாக்குவாதம் வந்துவிடும். ஒருவருக்கு, மூடிய கதவுக்கு அப்பால் ஏதோ நகரும் சத்தமே போதும். கதவு திறந்துவிட்டால் சுவை போய்விட்டது என்பார். மற்றவருக்குக் கதவு திறந்தாக வேண்டும், உள்ளே இருப்பது வெளியே வந்தாக வேண்டும். இந்த இரண்டு ருசிகளும் எழுத்தில் எதிரெதிராக நின்றது இங்கிலாந்தில், 1764-க்கும் 1797-க்கும் இடையில். நாவலுக்கு நாவலே பதிலாக வந்த காலம் அது. பதில் எழுதியவர்கள் எல்லோரும் முதலில் வாசகர்கள். முந்தைய புத்தகத்தில் மயங்கி, ஏதோ ஒரு குறையில் மனம் தட்டுப்பட்டு, அந்தக் குறையைத் தீர்க்கவே பேனா எடுத்தவர்கள்.

முதல் புத்தகம் ஒரு கனவில் பிறந்தது. ஹோரஸ் வால்போல், பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். ட்விக்கன்ஹாமில் பழங்காலக் கோட்டை போலவே ஒரு வீட்டைக் கட்டி அதில் வாழ்ந்தவர். 1764 ஜூனில் ஒரு காலை, பெரிய மாடிப்படியின் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை ஒன்று இருப்பதாகக் கனவு கண்டு விழித்தார். அன்று மாலையே எழுத உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்குள் ‘ஒட்ராண்டோ கோட்டை’யை முடித்தார். கல்யாண நாளன்று மாப்பிள்ளைமீது ஒரு பிரம்மாண்டத் தலைக்கவசம் விழுந்து அவனை நசுக்குகிறது. சுவரில் தொங்கும் ஓவியம் பெருமூச்சு விட்டுச் சட்டத்திலிருந்து இறங்கி நடக்கிறது. சிலையின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. தன் பெயரைப் போட வால்போலுக்குத் தயக்கம்; பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் அதைப் படித்தவர்கள் இரவில் படுக்கப் போகவே பயப்படுவதாகக் கவிஞர் தாமஸ் கிரே அவருக்குக் கடிதம் எழுதினார்.

கிளாரா ரீவுக்கும் அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. ஆனால் பல இடங்களில் பயத்துக்குப் பதிலாகச் சிரிப்பு வந்ததாக, 1778-இல் தன் ‘பழைய ஆங்கிலப் பிரபு’ நாவலின் முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதினார். நூறு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வாளும், நடக்கும் ஓவியமும் கற்பனையைக் கலைத்துவிடுகின்றன என்பது அவர் குறை. அவருடைய நாவலில் பேய் உண்டு, அளவோடு. பூட்டிய அறை, தரைக்கு அடியிலிருந்து வரும் முனகல், ரத்தக் கறை படிந்த கவசம், அவ்வளவுதான். வால்போல் அதைப் படித்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்றார். நீதிமன்றத்தில் நடக்கும் எந்தக் கொலை வழக்கும் இதைவிடச் சுவையாக இருக்குமாம். எவ்வளவு காட்டலாம் என்ற தகராறு இங்கேயே தொடங்கிவிட்டது.

அதைப் பெரிதாக்கியவர்கள் இருவர். ஆன் ராட்கிளிஃப், ஒட்ராண்டோ வெளிவந்த அதே 1764-இல் பிறந்தவர். அவருடைய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ 1794-இல் வந்தது. பதிப்பாளர் கொடுத்த 500 பவுண்டு அன்றைக்கு ஒரு நாவலுக்குப் பெரும் தொகை. அதில் எமிலி என்ற பெண் ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். பார்த்தது என்ன என்று வாசகருக்குச் சொல்லப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்து, முடிவை நெருங்கும்போதுதான் அது ஒரு மெழுகுப் பொம்மை என்று தெரிகிறது. பேய் என்று நினைத்த எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மனிதக் காரணம் இருக்கும். அது ராட்கிளிஃபின் வழி. இந்த விளக்கங்களால் ஏமாந்து முணுமுணுத்தவர்கள் அன்றே உண்டு. எனக்கு அந்த மெழுகுப் பொம்மை பொருட்டே இல்லை. திரைக்கும் விளக்கத்துக்கும் நடுவில் வாசகரைத் தன் கற்பனையோடு தனியே விட்டுவிடுகிறாரே, அந்தத் துணிச்சலுக்காகவே ராட்கிளிஃபைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

அதே ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில், பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த 19 வயது மாத்யூ லூயிஸ் உடால்ஃபோவைப் படித்துச் சொக்கிப்போனார். பத்தே வாரத்தில் ஒரு நாவலை எழுதியும் முடித்தார். 1796-இல் அது ‘துறவி’ என்று வெளிவந்தது. ராட்கிளிஃப் மறைத்ததையெல்லாம் லூயிஸ் வெளிச்சத்தில் வைத்தார். ஆக்னஸ் என்ற பெண் காதலனோடு ஓடிப்போக, தான் வசிக்கும் கோட்டையில் உலவுவதாகச் சொல்லப்படும் கன்னிகாஸ்திரீப் பேயாக வேடம் போடத் திட்டமிடுகிறாள். ராட்கிளிஃபாக இருந்தால், பேய் என்று பயந்தது கடைசியில் வேடமிட்ட பெண்ணாக முடியும். லூயிஸ் அதைத் தலைகீழாக்கினார். காதலன், வேடமிட்ட பெண் என்று நம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டது உண்மையான பேய். பின்னால் அதே ஆக்னஸ், மடத்தின் நிலவறையில், அழுகும் தன் குழந்தையின் உடலை விடாமல் அணைத்தபடி கிடக்கிறாள். அருவருப்புக்காக எழுதியது என்று பலர் ஒதுக்கிய பகுதி இது. அந்தத் தாயின் துயரத்தை மறைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கூச்சல் கிளம்பியது. இந்தப் புத்தகத்தைத் தன் பிள்ளையின் கையில் பார்க்கும் பெற்றோர் முகம் வெளுத்துப்போவார்கள் என்ற கருத்தில் கவிஞர் கோல்ரிட்ஜ் 1797-இல் மதிப்புரை எழுதினார். நான்காம் பதிப்பில் லூயிஸ் நிறைய வெட்டினார்.

ராட்கிளிஃப் மதிப்புரை எழுதவில்லை. 1797-இலேயே ‘இத்தாலியன்’ நாவலைக் கொண்டுவந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். லூயிஸின் துறவி, தூங்கும் பெண்ணின் அறைக்குள் இரவில் நுழைகிறான். தடுக்க வந்த தாயைக் கொல்கிறான். அவர்கள் தன் தாயும் தங்கையும் என்று காலம் கடந்த பிறகு அறிகிறான். ராட்கிளிஃபின் துறவியும் தூங்கும் பெண்ணருகே கத்தியோடு வருகிறான். அவள் கழுத்தில் தன் உருவப்படம் தொங்குவதைக் கண்டு, இவள் தன் மகளோ என்று உறைந்து நிற்கிறான். கத்தி இறங்கவில்லை. கொலை நடக்காத அந்தப் பக்கத்தில்தான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்கிறது.

வாசகர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே ஒருவரின் குணத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபே’யில் இதை நன்றாகப் பயன்படுத்தினார். நாயகி காதரீனுக்கு உடால்ஃபோமேல் உயிர். நாயகன் ஹென்றியும் அதை மயிர்க்கூச்செறிய இரண்டே நாளில் படித்தவன். தற்பெருமைக்காரன் ஜான் தார்ப்புக்கு நாவல்களே குப்பை, ‘துறவி’யும் ‘டாம் ஜோன்ஸ்’உம் தவிர. லூயிஸின் வாசகர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

‘இத்தாலிய’னுக்குப் பிறகு ராட்கிளிஃப் புதிய நாவல் எதையும் வெளியிடவில்லை. 1823-இல் இறந்தார். தன் தரப்பை அவர் நேரடியாகச் சொன்ன உரையாடல் 1826-இல்தான் ஒரு மாத இதழில் அச்சானது: ஒரு வகை அச்சம் மனத்தை விரித்துப் புலன்களை எழுப்பும், இன்னொரு வகை அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அதன் சாரம். தன் கட்சியின் சட்டத்தையே அவர் எழுதிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த உரையாடல், எழுதி 20 ஆண்டுக்குமேல் பெட்டியில் கிடந்த அவருடைய ‘காஸ்டன் த ப்ளோண்டவில்’ என்ற நாவலுக்கு முன்னுரையாக எழுதப்பட்டது. அந்த நாவலும் அதே ஆண்டு வெளிவந்தது. அதில் கொலையுண்ட ஒருவரின் ஆவி வருகிறது. கடைசிப் பக்கம் வரை அதற்கு எந்த மனிதக் காரணமும் இல்லை. அது நிஜப் பேய்.