தேர்த்துகளும் ஒரு பேரெண்ணும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் முதலாய ஊர்களிலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் ‘இம்மியளவும் குறையாது’ என்னும் வழக்கு உண்டு. மிகச் சிறிது என்பதே இன்று அதன் பொருள். ஆயின் பழந்தமிழ்க் கணக்கில் இம்மி என்பது வரையறுத்த மதிப்புடைய ஒரு பின்னம். அம்மதிப்பு யாது என்பதில் பட்டியல்கள் தம்முள் மாறுபடுகின்றன. அம்மாறுபாட்டை ஒரு பேரெண்ணின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1998-இல் தொகுத்து வெளியிட்டது. இத்தகு கணக்கு நூல்வழி வரும் கீழ்வாய்ச் சிற்றிலக்க முறை வருமாறு: முந்திரி 1/320, அதனை மீண்டும் 320 கூறிட்டது கீழ்முந்திரி, அஃதாவது 1/1,02,400. 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 11 மும்மி ஓர் இம்மி. 7 அணு ஒரு மும்மி. இவ்வாறே குணம் 9, பந்தம் 5, பாகம் 6, விந்தம் 7, நாகவிந்தம் 17, சிந்தை 14, கதிர்முனை 20, குரல்வளைப்பிடி 40, வெள்ளம் 60, நுண்மணல் 100 என ஒவ்வொன்றும் தனக்கு மேலதனை நிரப்பும். இறுதியில் 6½ தேர்த்துகள் ஒரு நுண்மணல்.

இவற்றைப் பெருக்கின் ஒன்றனுள் அடங்கும் தேர்த்துகள் 2323824530227200000000 ஆகும். இருபத்திரண்டு இலக்கமுடைய இவ்வெண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 இருபத்திரண்டு முறையும், 5 எட்டு முறையும், 3 ஐந்து முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் வரும். 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களும் இதனை மீதியின்றி வகுக்கும், 19 வகாது. இதன் வகுஎண்கள் மொத்தம் 49,680.

இப்பகுப்பு பாட ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. 11 மும்மியாலும், 17 நாகவிந்தத்தாலும், 13 தேர்த்துகளின் ஆறரையாலும் மட்டுமே புகுந்தவை. ஏடெழுதுவோர் 17-ஐ 7 எனப் பிழைத்திருப்பின் பேரெண்ணில் 17 இராது. பிழை உடனே வெளிப்படும்.

இனி இம்மிக்கு வருவாம். பட்டியல்கள் சிலவற்றில் இம்மி 1/10,75,200 என்றுளது. 21 இம்மி என்னும் வாய்பாட்டின்படி அது 1/21,50,400 ஆதல் வேண்டும். மும்மியோ இரு வகையிலும் 1/2,36,54,400 என்றே நிற்கிறது. முன்னதைக் கொள்ளின் பத்தரை இம்மி கீழ்முந்திரியாகும், 22 மும்மி இம்மியாகும். பின்னதைக் கொள்ளின் 21-உம் 11-உம் ஆகும். பெருக்கம் இரண்டிலும் 231 ஆதலின் பேரெண் மாறாது. ஆகவே பேரெண் இப்பிழையைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதனாலேயே அது திருத்தப்படாது வழங்கி வந்தது போலும்.

அங்ஙனமாயின் துணிவது எவ்வாறு? வாய்பாட்டுச் சொல்லே முதற்சான்று. பயன்பாடு இரண்டாவது. 320 என்பது 2, 5 ஆகியவற்றால் மட்டும் அமைந்தது. எனவே மூன்றிலொன்றை முந்திரியாலோ கீழ்முந்திரியாலோ முற்றக் கூற இயலாது. 1,02,400-ஐ மூன்றால் வகுப்பின் 34,133 ஈவும் 1 மீதியும் வரும். எஞ்சிய அக்கீழ்முந்திரியில் மூன்றிலொரு கூறு சரியாக 7 இம்மி; ஏழிலொரு கூறு 3 இம்மி. பத்தரை எனக் கொள்ளின் இவை மூன்றரையும் ஒன்றரையுமாய்ச் சிதையும். இருபத்தொன்று என்னும் எண் மூன்றையும் ஏழையும் கருதியே அமைக்கப்பெற்றது என்பது எம் துணிபு.

ஆதலின் இம்மி 1/21,50,400 என்பதே கொள்ளற்பாலது. அகராதி செய்வோரும் பதிப்பாசிரியரும் பட்டியலைப் பெயர்த்தெழுதுமுன் ஒருமுறை பெருக்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கும்போதும் இறுதித் தொகையோடு அமையாது, படிதோறும் வாய்பாட்டோடு ஒப்பிடல் வேண்டும்.