காத்திருந்த ஆறு ஆண்டுகள்: புனித யோசேவாஸ் அடிகளாரின் கீழ்ப்படிதல்



"எல்லாம் கடவுள் சித்தம் சுவாமி" என்று நம்மவர் சொல்வதை என் குருத்துவ வாழ்வில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நோய் தீராதபோது சொல்வார்கள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது சொல்வார்கள். பிள்ளை வீட்டைவிட்டுப் போனபோதும் சொல்வார்கள். அச்சொல்லில் விசுவாசம் உண்டு. ஆயினும் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் அது பெரும்பாலும் நம் வாயில் வருகிறது. ஆண்டவர் கற்பித்த செபத்திலோ, இறைவனின் திருவுளம் மண்ணுலகிலும் நிறைவேறவேண்டும் என்று நாம் நாள்தோறும் மன்றாடுகிறோம். நிறைவேற்றுவதற்குக் கைகளும் கால்களும் தேவை. இதனை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் புனித யோசேவாஸ் அடிகளார். அவருடைய வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதியை இன்று உங்களோடு பகிர விரும்புகிறேன்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் சிறுவனாய் இருந்த காலத்திலேயே இலங்கையின் கரையோரங்கள் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிவிட்டன. கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் வீழ்ந்தன. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுங்குற்றமாயிற்று. திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது. இச்செய்தி கோவாவுக்கு எட்டியபோது, இளங்குருவான யோசேவாஸ் தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு திருச்சபை அதிகாரிகளை வேண்டினார்.

அவருக்குக் கிடைத்த விடை வேறு. 1681இல் அவரைக் கன்னடக் கரைப் பகுதியின் மறைபரப்புத் தலைவராக நியமித்தார்கள். அங்கே போர்த்துக்கேய அரசரின் திருச்சபை உரிமைக்கும் உரோமை நேரடியாக நியமித்த ஆயரின் உரிமைக்கும் இடையே பிணக்கு இருந்தது; மக்கள் யாருக்குச் செவிகொடுப்பது என்று அறியாது பிளவுபட்டிருந்தார்கள். இலங்கையை எண்ணித் தவித்த உள்ளத்துக்கு இதைவிட ஒவ்வாத பணி இருந்திருக்க முடியாது. அவர் முணுமுணுத்துக்கொண்டு நாள்களைக் கடத்தவில்லை. கிராமம் கிராமமாக நடந்து மக்களைச் சந்தித்தார்; அருள்சாதனங்களை வழங்கினார்; பிளவை ஆற்ற முயன்றார். 1684இல் கோவா திரும்பினார். மறு ஆண்டு, புனித பிலிப்பு நேரியின் வழியைப் பின்பற்றிய உள்நாட்டுக் குருக்களின் சிறு குழுவோடு சேர்ந்து, அதன் தலைவரானார். 1686இல்தான் அப்பொறுப்பைத் துறந்து இலங்கைக்குப் புறப்பட அனுமதி கிடைத்தது. தூத்துக்குடி வழியாக 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

1681இலிருந்து 1687 வரை ஆறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளை வீணான காலம் என்று கருதலாம். ஆனால் பங்குகளைப் புதுப்பிக்கவும், பிளவுண்ட மக்களிடையே பொறுமையோடு நடக்கவும் அவர் கன்னடக் கரையில் பயின்றார். பின்னாளில் இலங்கையில் அவருக்குத் துணையாக வந்த குருக்கள், காத்திருந்த காலத்தில் அவர் வளர்த்த அதே கோவா குழுவிலிருந்தே வந்தார்கள். தம் விருப்பத்தை அவர் கைவிடவுமில்லை. அதற்காகக் கையிலிருந்த கடமையைக் கைவிடவுமில்லை. இறைவிருப்பத்துக்குப் பணிதல் என்பதன் முதற்பாடத்தை நான் இங்கே காண்கிறேன்.

இரண்டாம் பாடம் இதற்கு எதிரானது போலத் தோன்றும். திருச்சபைத் தலைவர்களுக்கு இவ்வளவு பணிந்தவர், ஒல்லாந்தரின் சட்டத்தை வெளிப்படையாக மீறினார். குருவின் உடையைக் களைந்து, ஏழைக் கூலியாளின் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் யாழ்ப்பாணத் தெருக்களில் நடந்தார். அச்செபமாலையைக் கண்டு கண்கலங்கியோர் வழியாகவே மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம் நடுவே மறைத்து வைத்தார்கள். இரவில் திருப்பலி, விடியுமுன் வேறிடம். நம்மில் சிலருடைய முன்னோர் அந்த இரவுகளில் காவல் நின்றவர்களாய் இருக்கக்கூடும். பின்பு தேடுதல் கடுமையாகி மக்கள் துன்புறுத்தப்பட்டபோது, அவர் புத்தளம் பக்கம் சென்றார்.

"ஒல்லாந்தர் ஆட்சியை இறைவனே அனுமதித்தார், ஆகையால் அடங்கியிருங்கள்" என்று அவர் அம்மக்களிடம் போதித்ததில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அடிபடும் பெண்ணிடமும், வேலையிடத்தில் ஊதியம் மறுக்கப்படும் தொழிலாளியிடமும், "இது கடவுள் சித்தம், பொறுத்துக்கொள்" என்று நம் சமூகத்தில் இன்றும் அறிவுரை சொல்கிறார்கள். அநீதியை இறைவன் விரும்புவதில்லை. பிறர் செய்யும் பாவத்துக்கு இறைசித்தம் என்று பெயரிடுவது, அவருடைய பெயரை வீணாய்ப் பயன்படுத்துவதாகும். மனிதருக்குப் பணிவதைவிடக் கடவுளுக்கே பணியவேண்டும் என்று திருத்தூதர்கள் தலைமைச் சங்கத்தின் முன் நின்று சான்று பகர்ந்ததை நாம் மறக்கலாகாது.

1692இல் அடிகளார் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிலிடப்பட்டார். அடைபட்ட இடத்தில் அவர் செய்தவை இரண்டு. சிங்களம் கற்றார், ஒரு குடிசையைக் கட்டி அதையே ஆலயமாக்கினார். கத்தோலிக்கர் அங்கு அவரைத் தேடி வந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், 1696இல் துணைக் குருக்கள் வரும்வரை, அந்த நாட்டின் மக்களுக்குப் பணிசெய்ய அவர் ஒருவரே இருந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயுற்றோரைச் சொந்த உறவினரே கைவிட்ட வேளையில், அவர் சமயம் பாராது அவர்களுக்கு உணவளித்துக் கழுவித் துடைத்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பை இப்பணி பெற்றுத்தந்தது. பிற்காலத்தில் ஆயர்நிலைப் பொறுப்பு தம்மை நாடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 தை 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பு இறைமக்களே, நாம் எண்ணிப்பாராத நாடுகளில் வாழ்கிறோம். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை பலருக்குக் கிடைக்கவில்லை. "ஊரில் இருந்திருந்தால்" என்ற ஏக்கத்திலேயே ஆண்டுகள் கழிகின்றன. அடிகளாரின் கன்னடக் கரை ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இறைவன் நாளை எதைத் தருவார் என்பது நமக்கு மறைவானது. இன்று என்ன கேட்கிறார் என்பது பெரும்பாலும் நம் கண்முன்னே இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இரவுப்பணி செய்யும் சகோதரியே, நீ கழுவித் துடைக்கும் அந்த அந்நிய முதியவர் உன் கண்டி நகரம். மறதி நோயால் ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்கும் தாய்க்குப் பதினொன்றாம் முறையும் பதில் சொல்லும் மகனே, அதுவே உனக்கு அளிக்கப்பட்ட பணி.

இன்றிரவு செபமாலையைக் கையில் எடுக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்: ஆண்டவரே, நான் தாங்கிக்கொள்ளவேண்டியது எது, எதிர்த்து நிற்கவேண்டியது எது, நாளைக் காலையில் செய்து முடிக்கவேண்டியது எது? விடை உடனே வராவிட்டால் காத்திருங்கள். ஆனால் காத்திருக்கும்போது வேலை செய்துகொண்டே காத்திருங்கள்.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.