நந்திக்கடல் ஓரத்து விடுதி

2013ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கனடாவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வருகிறேன் மாமா. முல்லைத்தீவிலே களப்போரமாக ஒரு நல்ல விடுதி இருக்கிறது. படம் பார்த்தேன், அழகான இடம். இரண்டு நாள் தங்கலாமா?" என்று கேட்டான். 'லகூன்ஸ் எட்ஜ்' என்று விடுதியின் பெயரையும் சொன்னான். நாளை சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றிரவு மனதில் ஓடியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வன்னிக்கு உல்லாசப் பயணிகள் புதியவர்கள் அல்லர். என் தலைமுறையினருக்கு ஆனையிறவு வாடிவீடு நினைவிருக்கும். ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடத்தில் எழுந்தது அது. கண்டி வீதியால் யாழ்ப்பாணம் செல்வோர் அங்கே இறங்கித் தேநீர் அருந்துவார்கள். முன்னே கடல்நீரேரி, அப்பால் உப்பளம், பருவத்திலே பறவைக் கூட்டம். 1991 ஜூலையிலும் 2000 ஏப்ரலிலும் நடந்த பெருஞ்சமர்களோடு அந்த உலகம் முடிந்து போயிற்று. மீனவர் பருவகாலத்தில் கரையில் அமைக்கும் குடிலுக்கும் எங்கள் மொழியில் 'வாடி' என்றே பெயர். வழிப்போக்கருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சொல்லில் இடம் கொடுத்த கரை அது.

மருமகன் கேட்ட விடுதியின் கதை வேறு. நந்திக்கடல் களப்பின் கரையில் இராணுவம் கட்டி, இராணுவமே நடத்திய விடுமுறை விடுதி அது. 2012இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அதனைத் திறந்துவைத்தார். காங்கேசன்துறையில் 'தல்செவன' விடுதியையும் இராணுவமே நடத்தியது. 2009 மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் நடந்தது இந்தக் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில்தான். இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கூறிற்று. உயிர் தப்பியோர் வட்டுவாகல் பாலத்தாலும் களப்புநீரைக் கடந்தும் வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர்.

அந்த முகாம் மூடப்பட்டதும் அதே 2012இல்தான், செப்டம்பர் மாதத்தில். கடைசியாக வெளியேறியோரில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களது ஊரும் இதே நந்திக்கடலோரம்தான். ஊரில் இராணுவம் இருந்தபடியால் அவர்களைச் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். விருந்தினருக்கு அறை திறந்த ஆண்டிலே, ஊரவருக்கு வீடு திறக்கவில்லை. பின்னர் 2017இல் அவர்கள் மாதக்கணக்காக வீதியோரம் இருந்து போராடிய பிறகே காணிகளில் ஒரு பகுதி கிடைத்தது.

போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, புதுக்குடியிருப்பு வெற்றிச் சின்னம், பிரபாகரனின் நிலக்கீழ் மாளிகை எல்லாவற்றையும் பார்த்தார்கள். 2006 டிசம்பரில் அரிசியோடு கரைதட்டிய ஜோர்தானியக் கப்பல் பரா-3இன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அந்த நிலக்கீழ் மாளிகையை 2013 ஒக்டோபரில் இராணுவமே தகர்த்துவிட்டது. வந்த சாதாரண சனத்தை நான் குறைகூறேன். வழிநெடுகப் பலகைகள் ஒருதரப்புக் கதையை மாத்திரம் சொல்லின. தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையும் இன்று சுற்றுலாத்தலம்தான். ஆனால் 1997இல் அது அருங்காட்சியகமான பின்னர், அங்கே சிறையிருந்தவர்களே வழிகாட்டிகளாக நின்று கதை சொன்னார்கள். பார்ப்பதில் பிழையில்லை, யார் சொல்லக் கேட்கிறோம் என்பதே கேள்வி.

வெற்றிக் கல் நாட்டுவதும் வன்னிக்குப் புதிதல்ல. 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அதைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு கல் நாட்டினார்கள். கல்லில் இருப்பது டிறிபேர்க்கின் வெற்றி. கல்லைத் தேடிப் போகிறவர்கள் நினைப்பதோ தோற்றவனை.

மறுநாள் மருமகனை அழைத்து, "விடுதி வேண்டாம். வைகாசியில் வா, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவோம்" என்றேன். கடல் நீரில் விளக்கெரியும் அந்தக் கண்ணகி அம்மன் கோயிலும் நந்திக்கடலோரம்தான்.

வந்தான். பொங்கலன்று சனக்கூட்டத்தில் நிற்க இடமில்லை. கோயில் வீதியில் பக்கத்தில் பாய் விரித்திருந்த வயோதிபத் தாய் ஒருத்தி, மருமகனின் மூத்த மகளுக்கு வாழையிலையில் பொங்கல் வைத்துக் கொடுத்து, "எங்கையிருந்து பிள்ளை வாறியள்?" என்று கேட்டாள். பிறகு களப்பின் அக்கரையைக் கையால் காட்டி, "அங்காலையிருந்துதான் நாங்கள் தண்ணிக்குள்ளாலை வந்தனாங்கள். மூன்று பேர் வெளிக்கிட்டு நான் ஒராள்தான் வந்து சேர்ந்தனான்" என்றாள்.

பிள்ளைக்கு அந்தப் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது வானில் தகப்பனிடம் கேட்டாள். முறிகண்டி வரும்வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவனுக்குத் தெரியாத இடங்களை நான் நிரப்பினேன்.