நிரந்தர வேலையும் கீழ்ப்பிரிவுக் கால்பந்தும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தடங்களிலிருந்து ஒரு வாதம்

கால்பந்தில் மேல் லீக்கை விட்டுவிட்டுக் கீழ்ப்பிரிவு ஆட்டங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்களிடம் காரணம் கேட்டால் வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும். செலவு இல்லை, ஆட்டக்காரரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், பணம் புகுந்து கெடுக்காத ஆட்டம் இது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் செலவில்லாமலும் நெருக்கமாகவும் ஆட்டம் பார்க்கக் கிடைத்தும் ஆளில்லாமல் கிடக்கும் மைதானங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றுக்கு இந்த விடைகளால் விளக்கம் தர முடியாது. வேலையிடம், குடியிருப்பு, ஆடுகளம் ஆகிய மூன்றிலும் அதே முகங்கள் ஆண்டுக்கணக்கில் புழங்கும்போதுதான் கீழ்ப்பிரிவு ஆட்டத்துக்கு ஈர்ப்பு பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சென்னையில் அந்தப் புழக்கத்தைத் தாங்கி நின்றது நிரந்தர வேலை. அது கரையும் இடத்தில் எஞ்சுவது திரையில் தெரியும் மேல் லீக் மட்டுமே.

இதற்குச் சான்றாகச் சென்னை சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் தாண்டிப் பிரியும் இரண்டு மின்ரயில் தடங்களை எடுத்துக்கொள்ளலாம். மேற்கே திருவள்ளூர் செல்லும் தடத்தில் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று நிலையங்கள் வரும். 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) தொடங்கியது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து விஜயந்தா டாங்கிகளை உருவாக்கியது. இந்தப் பொதுத்துறை ஆலைகள் தனியாக வரவில்லை. குவார்ட்டர்ஸ், பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாம் கூடவே வந்தன. ஐ.சி.எஃப். என்றால் ரயில் பெட்டியை நினைப்பவர்கள் எவ்வளவோ, கால்பந்து அணியை நினைப்பவர்களும் வடசென்னையில் அவ்வளவு உண்டு. தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம், இந்திய உணவுக் கழகம் என்று சென்னை லீக்கின் சீனியர் டிவிஷனைப் பல பத்தாண்டுகள் நடத்திச் சென்றவை இத்தகைய நிறுவன அணிகளே. இந்தியன் வங்கி, 1996 முதல் 2007 வரை நடந்த தேசியக் கால்பந்து லீக்கிலும் சில பருவங்கள் ஆடியது.

வடக்கே செல்லும் தடம் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. 1971இல் அமைக்கப்பட்ட மாநில அரசு நிறுவனமான சிப்காட் உருவாக்கிய தொழிற்பேட்டைகளில் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. இரும்பு உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், வார்ப்படப் பட்டறைகள், வாகன உதிரிபாகக் கம்பெனிகள் எனத் தொழில் வளம் குறைவில்லாத இடம். ஆனால் ஐ.சி.எஃப். போல லீக்கில் வேரூன்றி நின்ற ஓர் அணியை இந்த ஆலைகள் தரவில்லை. உழைப்பாளி இங்கும் இருக்கிறார். உடல்வலு இங்கும் இருக்கிறது. கால்பந்து ஆசைக்கும் பஞ்சமில்லை. வேறுபாடு வேலையின் தன்மையில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கான்ட்ராக்ட்காரர் வழியாக வந்தவர்கள். இன்று ஓர் ஆலை, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் இருவருக்குச் சம்பளச் சீட்டில் வேறுவேறு முதலாளிகள். அணிக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் யார் பெயரை வைப்பது?

விளையாட்டுப் பொருளியலின் தொடக்கப் புள்ளி சைமன் ராட்டன்பெர்க் 1956இல் எழுதிய கட்டுரை. முடிவு முன்கூட்டித் தெரியாத ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும் என்ற கருத்து அதிலிருந்து கிளைத்தது. மேல் லீக்குகளின் சம்பள உச்சவரம்பு, வீரர் ஏலம் போன்ற ஏற்பாடுகளுக்கு இன்றுவரை சொல்லப்படும் நியாயம் அதுவே. ஆனால் முடிவு எது என்று தெரியாதது மட்டும் போதுமா? அந்த முடிவால் யாருக்கு என்ன ஆகும் என்பதும் பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிச்சர்ட் ஜூலியானோட்டி 2002இல் கால்பந்துப் பார்வையாளர்களை நான்கு வகையாகப் பிரித்தார். ஊரோடும் கிளப்போடும் கட்டுண்டவரிலிருந்து, கடை கடையாக வேடிக்கை பார்த்துப் போகிறவரைப் போல அணி விட்டு அணி தாவுகிறவர் வரை அந்த வரிசை நீள்கிறது. பயனுள்ள பகுப்புதான். ஆனால் நான்கு வகையினரும் ஆட்டத்துக்கு வெளியே நின்று அதன்பால் ஈர்க்கப்படுகிறவர்கள். ஆடுகிறவரின் பிழைப்பையே அறிந்து பார்க்கிறவருக்கு அதில் இடமில்லை. சென்னையின் நிறுவன அணி ஆட்டங்களைப் பார்க்க வருகிறவர் அந்த ஐந்தாவது ஆள்.

அவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பிற்பகல் வெயிலில் நடக்கும் லீக் ஆட்டம். நிழல் விழும் பக்கத்தில் மட்டும் ஆட்கள். ஓய்வுபெற்ற ஊழியர்கள், அடுத்த ஆட்டத்துக்காக பூட்ஸைத் தோளில் மாட்டியபடி நிற்கும் பையன்கள், ஷிப்ட் முடித்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்தவர் இரண்டொருவர். பேச்சு ஸ்கோரைப் பற்றியதாக அதிகம் இருக்காது. "அந்த ஸ்டாப்பர் இன்னும் ஸ்டைபண்டுலதான் இருக்கான், இந்த சீசன் ஆடினாத்தான் எடுப்பாங்க." "கீப்பரோட அப்பாவும் இதே டீமுதான்." ஸ்டாப்பர் ஒரு தடவை காலை நீட்டித் தடுத்தால், அங்கே கிடைக்கும் கைதட்டலில் பந்து நின்றதற்கான பாராட்டு பாதி, அவனுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற விருப்பம் மீதி. மேல் லீக்கில் ஒரு தற்காப்பு வீரர் தவறு செய்தால் ஒரு கோல் போகும். இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போகலாம். அது கரையில் நிற்பவருக்குத் தெரியும் என்பதால்தான் சுமாரான பாஸ்கள், தடுமாறும் முதல் டச், மேடு பள்ளமான தரை எல்லாவற்றையும் மீறி அவர் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். ஆட்டத்தின் தரம் குறைவு என்பதை அவர் மறைப்பதுமில்லை. அந்தக் குறையைக் குறிப்பாகச் சொல்லக்கூடிய ஆட்டஞானம் மேல் லீக் கேலரியைவிட இந்தக் கரையில் அதிகம் என்றே சொல்வேன். நிற்பவர்களில் பலர் இதே தரையில் ஆடியவர்கள்.

ஆலையிலிருந்து அணி பிறப்பது உலகெங்கும் நடந்ததுதான். 1878இல் ரயில்வே தொழிலாளர் தொடங்கிய நியூட்டன் ஹீத் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. 1886இல் வூல்விச் ஆயுத ஆலையில் பிறந்தது ஆர்சனல். தேம்ஸ் இரும்பாலை அணி வெஸ்ட் ஹாம் ஆயிற்று. இந்த மூன்றும் மேலே ஏறியபோது ஆலையின் தொடர்பு அறுந்தாலும் நகரத்தின் தொடர்பு மிஞ்சியது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் படிகள் இருந்ததே அதற்குக் காரணம்.

இந்தியாவில் அந்தப் படிகள் வேறு விதமாக எடுக்கப்பட்டன. முதல் தேசிய லீக்கை, 1996-97 பருவத்தில், வென்றது பஞ்சாபின் பக்வாராவில் உள்ள ஜே.சி.டி. நூற்பாலையின் அணி. 2011இல் அந்த அணி கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்டிருந்தது. 2013இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகளை நிறைவேற்றவில்லை என்று ஓ.என்.ஜி.சி.யும் ஏர் இந்தியாவும், தேசிய லீக்கின் வாரிசான ஐ-லீக்கிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டன. கிளப் என்பது தனிச் சட்ட அமைப்பாக, இளையோர் அணிகளோடும் சொந்தக் கணக்கு வழக்கோடும் இருக்க வேண்டும் என்பதே உரிமத்தின் அடிப்படை. நிர்வாக ஒழுங்குக்கு அது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு வங்கியின் மனமகிழ் மன்றமோ ரயில்வேயின் விளையாட்டுப் பிரிவோ அந்த வார்ப்புக்குள் அடங்காது. ஐம்பது ஆண்டுகளாகப் பார்வையாளர்களை வளர்த்த அமைப்பு ஒரே விதியால் உச்சிக்குத் தகுதியற்றதாகிவிட்டது.

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் கோப்பையை வென்றது. கோவாவில் நடந்த 2015 இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களில் பின்னிலையிலிருந்து மீண்டு 3-2 என்று வென்றதை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் போன்ற ஆதரவாளர் குழுக்களின் பற்றைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களில் கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஏறி வந்து, ஆட்டம் முடிந்து கடைசி ரயிலுக்கு ஓடுபவர்களும் உண்டு. என் வாதம் அவர்களுக்கு எதிரானதல்ல. அவர்கள் பார்க்கும் லீக்கிலிருந்து கீழே இறங்கவும் கீழிருந்து மேலே ஏறவும் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக வழியில்லாமல் இருந்தது என்பதே குறை. 2018-19இல் ஐ-லீக்கை வென்றது தமிழ்நாட்டின் சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய அந்த அணிக்கு மேல் லீக்கின் கதவு திறக்கவில்லை. ஐ-லீக்கை வென்றதன் பலனாகவே ஓர் அணி முதன்முதலாக மேலே ஏறியது 2023இல்தான். அது பஞ்சாபின் அணி. அதற்குள் சென்னை சிட்டி தேசிய லீக்குகளிலிருந்தே மறைந்துவிட்டது. 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் மேல் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டபோது, ஒரே ஒப்பந்தத்தில் தொங்கிய உச்சி எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வியாசர்பாடியில் எந்த ஆலையும் அணி நடத்தவில்லையே? அங்கே தெருவுக்குத் தெரு கால்பந்து ஓடுகிறதே? கன்னியாகுமரிக் கடற்கரையின் மீனவ ஊர்கள் மைக்கேல் சூசைராஜைப் போன்ற வீரர்களைத் தந்தனவே? உண்மை. இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, முறிக்கவில்லை. மீனவ ஊரில் படகும் பங்குக் கோயிலும் செய்வதை ஆலை நகரில் நிரந்தர வேலை செய்தது: அதே மனிதர்களை அதே இடத்தில் தலைமுறைக்கும் நிறுத்திவைத்தது. வியாசர்பாடியோ பெரம்பூருக்கு அடுத்த நிலையம். தெருவில் ஆடிய பையனுக்கு அணியும் வேலையும் கண்ணெதிரே இருந்தன. அங்கிருந்து வந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கும் இந்திய அணிக்கும் ஆடினார். இப்போது அந்தப் பையன்களின் கனவில் நிறுவன அணிகளின் இடம் சுருங்கிவருகிறது. நிரந்தர நியமனம் அருகிவர, ஒப்பந்தத்துக்கும் உதவித்தொகைக்கும் ஆடுபவர்கள் நிறுவன அணிகளுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பெரம்பூரும் மெல்ல மெல்லக் கும்மிடிப்பூண்டி ஆகிறது.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். உருட்டு ஆலைகளில் உழைப்பவர்களில் ஜார்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்தவர் நிறைய. இவர்களைக் கால்பந்து அறியாதவர்கள் என்று எண்ணுவது பெரும்பிழை. ஜார்கண்டின் பழங்குடிக் கிராமங்களில் கஸ்ஸி என்று சொல்லப்படும் காயடித்த ஆட்டுக்கிடாவைப் பரிசாக வைத்துப் போட்டிகள் நடக்கும். வயல் அறுவடை முடிந்த தரைகளில், பல கிராமங்கள் திரண்டு வந்து பார்க்கும் ஆட்டம் அது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போட்டியில் சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் அடித்த ஒற்றைக் கோல் வங்காளியும் தமிழனும் சேர்ந்து கொண்டாடத்தக்க ஒன்று. ஆட்டத்தை அறிந்த கால்களும் கண்களும் ஒரே தொழிற்பேட்டையில் இருந்தும் சேர்ந்து ஆடவில்லை. ஷிப்ட் வாரவாரம் மாறுகிறது. ஓ.டி. கிடைத்தால் ஞாயிறும் போய்விடும். அறைக்குத் திரும்பினால் கையில் இருப்பது போன். அதில் ஓடுவது இங்கிலாந்தின் பிரிமியர் லீக். இதை ரசனையின் தேர்வு என்று சந்தை ஆய்வாளர்கள் எழுதுவார்கள். நேர அட்டவணை மிச்சம் வைத்தது அது ஒன்றைத்தான்.

சட்டமும் இதில் சேர்த்தி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. 150க்கு மேல் இருந்தால் ஓய்வறையும் உணவறையும் வேண்டும் என்றது. மைதானம் பற்றி அது கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. பொதுத்துறை ஆலைகள் சட்டம் கேட்காமலேயே மைதானம் அமைத்தன, ஊழியர் முப்பது ஆண்டு அங்கேயே இருப்பார் என்ற கணக்கில். 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சமூகப் பொறுப்புச் செலவின் கீழ் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியைச் சேர்த்தது. நல்லதே. ஆனால் அந்தப் பணம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தாகவும் ஜெர்ஸியாகவும் போகிறது. ஆலைக்குள் உலையடியில் நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞர் அதன் பயனாளிகள் பட்டியலில் வருவதில்லை.

பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி நடக்கும் நாக்-அவுட் போட்டிகளை இவ்வாதத்துக்கான சோதனைக்களமாகக் கொள்ளலாம். அங்கே கூட்டம் கூடுகிறது, கெஸ்ட் பிளேயர்களும் வருகிறார்கள். ஆனால் ஊர்ப் பையன்கள் பந்தைத் தொட்டால் எழும் சத்தம், வெளியிலிருந்து வந்து நன்றாக ஆடுபவர் கோல் அடித்தால்கூட எழுவதில்லை. ஆட்டத்தின் தரம்தான் ஈர்ப்பு என்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். இதைவிட நேரடியான சோதனை ஒன்றும் உண்டு: சிப்காட் ஆலைகள் சில சேர்ந்து, கான்ட்ராக்ட் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு, மூன்று பருவம் தொடர்ந்து லீக் நடத்தி, ஆடுகிறவர்களை அந்த மூன்று பருவமும் வேலையில் வைத்திருக்கட்டும். ஆட்கள் மாறாமல் இருந்தும் கரையில் கூட்டம் வளரவில்லை என்றால் என் வாதம் பொய்த்தது. மூன்றாம் பருவத்தில் ஏ ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தால், கும்மிடிப்பூண்டியில் இத்தனை நாளும் கால்பந்துக்குக் குறையாக இருந்தது ரசனையல்ல, வேலையின் உறுதியே என்று நிறுவப்படும்.